யாழ்ப்பாணத்திலிருந்து எல்ல பள்ளத்தாக்கு வீதிக்கு: நீர்வீழ்ச்சிப் பயணத்துக்கான முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்திலிருந்து வான் பிடித்து, குடும்பமாகவோ கூட்டாளிகளாகவோ மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளைப் பார்த்துவர வெளிக்கிடுகிறவர்களுக்கான வழிகாட்டி இது. கண்டி, இறம்பொடை வழியாக எல்லவுக்கு ஏறி, எல்ல பள்ளத்தாக்கு வீதியால் வெல்லவாயவுக்கு இறங்கி, தியலும, துன்ஹிந்த நீர்வீழ்ச்சிகளைப் பார்த்து, மஹியங்கனை வழியாக வீடு திரும்பும் நான்கு நாள் பயணம்.

கனபேர் முதலில் தங்குமிடத்தைப் பதிவுசெய்கிறார்கள், பிறகு வானைப் பேசுகிறார்கள், கடைசியில்தான் எந்த நீர்வீழ்ச்சியில் தண்ணீர் இருக்கும் என்று விசாரிக்கிறார்கள். அந்த ஒழுங்கைத் திருப்பிப் போடுங்கள். முதலில் மழை, அடுத்தது ஒவ்வொரு இடத்துக்கும் போய்ச்சேரும் நேரம், அதற்கடுத்தது சாரதியின் நித்திரை. இந்த மூன்றும் முடிவான பிறகு அறை தேடினால் போதும்.

1. மழை எந்தப் பக்கம் என்று பாருங்கள்

மலைநாட்டின் நடுமுகடு மழையை இரண்டாகப் பிரிக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டும். அப்போது ஹற்றன், தலவாக்கலை, இறம்பொடைப் பக்கத்து நீர்வீழ்ச்சிகள் நிறைந்து விழும். அதே நாட்களில் பதுளை, எல்ல, வெல்லவாயப் பக்கம் காய்ந்த காற்றுத்தான் வீசும். ஓகஸ்ட் விடுமுறையில் தியலுமவுக்குப் போய், பாறையில் மெல்லிய கோடாக வடியும் தண்ணீரைப் பார்த்து ஏமாந்து திரும்புகிறவர்கள் இதை விசாரிக்காமல் போனவர்கள்.

டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை காற்று மாறுகிறது. எங்கள் கிணறுகளை நிரப்புகிற மாரிதான் பதுளை, எல்ல இருக்கும் ஊவாச் சரிவையும் நனைக்கிறது. ஆகவே யாழ்ப்பாணத்தில் மாரி ஓய்ந்து, கிணற்றில் தண்ணீர் இன்னும் மேலே நிற்கிற காலம் இந்தப் பயணத்துக்கு உகந்தது: தைப்பொங்கல் கழிந்து மார்ச் நடுப்பகுதி வரை. தண்ணீர் இருக்கும், மழை குறைந்திருக்கும், பாதை காயத் தொடங்கியிருக்கும்.

மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் காலை தெளிவாக இருக்கும். பின்னேரம் இடியோடு மழை வரும். அந்த மாதங்களில் போகலாம், ஆனால் எந்த நடையையும் மதியத்துக்கு முன் முடித்துவிட வேண்டும்.

நவம்பரையும் டிசெம்பரையும் தவிருங்கள். நீர்வீழ்ச்சி உச்சத்தில் இருக்கும் என்பது உண்மைதான். மண்ணும் அதே அளவு தண்ணீரைக் குடித்திருக்கும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன் குடியிருப்புகள் மண்ணுக்குள் புதைந்தன; தியலும போகிறவர்கள் அந்தப் பக்கத்தால்தான் போகிறார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பரவலாக மலை சரிந்தது, வீதிகள் உடைந்தன.

வெளிக்கிடுவதற்கு முதல் நாள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் ஆயத்தம், சிவப்பு என்றால் அங்கே வசிக்கிறவர்களே வெளியேற வேண்டிய நிலை. நீங்கள் போகிற பிரதேச செயலகப் பிரிவுக்குச் செம்மஞ்சள் வந்திருந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வீதி திறந்திருக்கிறதா என்று கேட்க அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இருக்கிறது. அறைக்குக் கட்டிய முற்பணம் போனால் போகட்டும்.

2. நான்கு நாட்களைப் பிரிக்கும் விதம்

முதல் நாள்: யாழ்ப்பாணம், வவுனியா, தம்புள்ளை, மாத்தளை, கண்டி. பேராதனையில் அல்லது கம்பளையில் இரவு.

இரண்டாம் நாள்: புஸ்ஸல்லாவ, இறம்பொடை, நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை, எல்ல. எல்லவில் இரவு.

மூன்றாம் நாள்: பள்ளத்தாக்கு வீதியால் இறக்கம், இராவணா எல்ல, வெல்லவாய, தியலும, கொஸ்லந்தை, பெரகலை, அப்புத்தளை. பதுளையில் இரவு.

நான்காம் நாள்: துன்ஹிந்த, மஹியங்கனை, பொலன்னறுவை, ஹபரணை, வவுனியா, யாழ்ப்பாணம்.

இந்த ஒழுங்கில் இரண்டு விடயங்கள் ஒளிந்திருக்கின்றன. மிகக் கடினமான இறக்கம் மூன்றாம் நாள் காலையில் வருகிறது. சாரதி இரண்டு இரவு நன்றாக நித்திரை கொண்டிருப்பார், மலைவீதியும் கைக்குப் பழகியிருக்கும். அத்தோடு நடந்து பார்க்கவேண்டிய தியலும, துன்ஹிந்த இரண்டும் காலை நேரத்தில் விழுகின்றன. இடங்களை மாற்ற விரும்பினால் மாற்றுங்கள், இந்த இரண்டையும் குலைக்காதீர்கள்.

அப்புத்தளைக்கு அப்பால் கலுபஹனயில் 263 மீற்றர் உயரமான பம்பரகந்த நீர்வீழ்ச்சி இருக்கிறது, இலங்கையிலேயே உயரமானது. ஆனால் பிரதான வீதியிலிருந்து உள்ளே போகும் பாதை ஒடுங்கியது, பெரிய வான் திருப்புவதே பாடு. அதற்கு இன்னொரு நாள் ஒதுக்க முடிந்தால் மட்டும் சேருங்கள்.

3. வானும் சாரதியும்

கூலி எவ்வளவு என்று கேட்பதற்கு முன், சாரதி மலைநாட்டில் ஓடியிருக்கிறாரா என்று கேளுங்கள். ஏ9 வீதியில் வருடக்கணக்காகக் கொழும்புக்கு ஓடியவர் திறமைசாலியாக இருப்பார். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு மேடு கூட இல்லை. நெடுக இறங்கும்போது பிறேக்கை எப்படிப் பாவிப்பது என்பதைச் சமதரை கற்றுத்தராது.

பிறேக் பட்டைகளையும் பிறேக் எண்ணெயையும் பயணத்துக்கு முன் பார்ப்பிக்கச் சொல்லுங்கள். பழைய பிறேக் எண்ணெயில் ஈரம் சேர்ந்திருக்கும். சூடேறும்போது அது கொதித்துக் குமிழியாகி, மிதித்தால் பிறேக் வெறுமனே உள்ளே போகும். ரயர் தேய்ந்திருக்கக் கூடாது, ஸ்பெயார் ரயரில் காற்று இருக்க வேண்டும், ரேடியேற்றர்த் தண்ணீர் நிறைந்திருக்க வேண்டும். வருமான அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதியையும் நேரில் பாருங்கள்.

பதினான்கு பேர் இருக்கும் வானில் பதினான்கு பேரை ஏற்றாதீர்கள். பத்து, பதினொரு பேர் போதும். பைகள் கூரையில் ஏறினால் வளைவுகளில் வான் சாயும், பாரம் கூடினால் இறக்கத்தில் பிறேக் சீக்கிரம் சூடாகும்.

எங்கள் ஆக்கள் திரும்பத் திரும்பச் செய்கிற பெரிய பிழை, இரவு பத்து மணிக்கு வெளிக்கிட்டு விடியக் கண்டியில் இறங்கி, அப்படியே மலை ஏறுவது. ஒரு அறைக் காசு மிஞ்சும் என்பதுதான் காரணம். இரவு முழுக்கச் சமதரையில் விழித்திருந்த சாரதி, காலையில் கொண்டை ஊசி வளைவுகளுக்குள் நுழைகிறார். 2025 மே மாதத்தில் கொத்மலையில் கெரண்டி எல்ல என்ற இடத்தில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது விடியப்புற வேளையில். அதே வருடம் செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் விழுந்து பதினைந்து பேர் இறந்தது இரவில். இரண்டும் இந்தப் பயணத்தில் நீங்கள் போகப்போகிற வீதிகள். மலையில் ஓடுவது பகலில் மட்டும் என்று வாய்ப்பேச்சாக அல்ல, கூலி பேசும்போதே நிபந்தனையாகச் சொல்லிவிடுங்கள். சாரதிக்கு வானுக்குள் படுக்கை கொடுக்காதீர்கள். அவருக்கு ஒரு கட்டிலும் இரவுச் சாப்பாடும் உங்கள் செலவில் இருக்கட்டும்.

4. கொண்டுபோக வேண்டியவை

சப்பாத்து: அடிப்பாகத்தில் பல் இருக்கும் சப்பாத்து, அல்லது குதிக்காலில் பட்டி போட்ட சாண்டில். இரப்பர்ச் செருப்போடு வருகிறவர்கள்தான் துன்ஹிந்தப் பாதையில் வழுக்குகிறார்கள். புதுச் சப்பாத்தை அன்றைக்கே போடாதீர்கள், முதலில் ஒரு கிழமை ஊரில் போட்டு நடவுங்கள்.

உடுப்பு: நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். தை, மாசி இரவுகளில் குளிர் 10 பாகைக்குக் கீழேயும் இறங்கும். வெல்லவாயவோ எங்கள் ஊரைப்போலச் சுடும். ஒரே தடித்த ஜக்கெற்றை விட, ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடிய இரண்டு மூன்று மெல்லிய உடுப்புகள் உதவும். நடைக்கு டெனிம் வேண்டாம். நனைந்தால் பாரம், காய நாளெடுக்கும். சேலையும் வேட்டியும் கோயிலுக்குப் பையில் இருக்கட்டும்.

அட்டைக்கு: ஈரமான இடங்களில் காலுறையின் மேல் சவர்க்காரத்தை அழுத்தித் தேயுங்கள், காற்சட்டை ஓரத்தைக் காலுறைக்குள் விடுங்கள். அட்டை பிடித்துவிட்டால் இழுத்துப் பிடுங்காமல், வாய்ப்பக்கத்தை நகத்தால் தள்ளிக் கழற்றுங்கள். இரத்தம் கொஞ்ச நேரம் வடியும், பயப்பட ஒன்றுமில்லை.

சத்திக்கு: புஸ்ஸல்லாவ தாண்டியதும் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தொடங்குவார்கள். மருந்து எடுப்பதென்றால் வளைவு தொடங்க அரை மணிக்கு முன் எடுக்க வேண்டும். தலை சுற்றத் தொடங்கிய பிறகு குளிசை வயிற்றில் நிற்காது. எண்ணெய்ச் சாப்பாடு வேண்டாம். சத்தி எடுக்கிறவரை முன் இருக்கைக்குக் கொண்டுவந்து, தூரத்து வீதியைப் பார்க்கச் சொல்லுங்கள், கையில் தொலைபேசி வேண்டாம். முகர ஒரு தேசிக்காயும் கையெட்டத்தில் பைகளும் இருக்கட்டும்.

மிச்சம்: ரோச் லைற், மழைக்கோட்டு (காற்றில் குடை நிற்காது), தொலைபேசிக்குத் தண்ணீர் புகாத உறை, துவாய், மாற்றுக் காலுறை, காயத்துக்குக் கட்டுத் துணி, வழமையாக எடுக்கும் மருந்துகள், நுழைவுச்சீட்டுக்கும் ஓட்டோவுக்கும் சில்லறைத் தாள்கள். வரைபடத்தைத் தொலைபேசியில் தரவிறக்கி வையுங்கள். பள்ளத்தாக்குக்குள் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ், 119 பொலிஸ் இரண்டையும் எல்லோரும் பதிந்து வைத்திருங்கள்.

5. முதல் நாள்: ஏ9

காலை நாலு மணிக்கு வெளிக்கிடுங்கள். கண்டி வரை ஏறக்குறைய 320 கிலோமீற்றர். வவுனியாவில் காலைச் சாப்பாடு, தம்புள்ளையில் மதியம் என்றால் பின்னேரத்துக்குள் கண்டிக்குப் போய்விடலாம். கண்டி நகரத்துக்குள் பாடசாலை விடும் நேரத்தில் மாட்டினால் ஒரு மணித்தியாலம் அப்படியே போய்விடும், அதையும் கணக்கில் சேருங்கள்.

வீட்டிலிருந்து இடியப்பமோ புட்டோ கட்டுகிறவர்கள் தேங்காய்ச் சம்பலை விட்டுவிடுங்கள், மதியத்துக்குள் பழுதாகிவிடும். கத்தரிக்காய்ப் பொரியலும் பொரித்த மிளகாயும் தாங்கும்.

மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் வீதியோரமாகவே இருக்கிறது. கும்பிட்டு, கால் கை நீட்டிக்கொண்டு போக நல்ல இடம். இன்றைக்கு இதற்குமேல் பார்க்கும் இடங்களைச் சேர்க்காதீர்கள். சீகிரியாவையும் தலதா மாளிகையையும் இதே நாளில் நுழைத்தவர்கள் இரவு ஒன்பது மணிக்குக் களைத்துப்போய் அறை தேடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் களைப்பு மூன்றாம் நாள் வரை கூடவே வரும்.

6. இரண்டாம் நாள்: கொத்மலைப் பள்ளத்தாக்கால் ஏற்றம்

ஏழு மணிக்கு வானில் இருங்கள். கம்பளை தாண்டியதும் வீதி ஏறத் தொடங்கும். புஸ்ஸல்லாவவுக்குப் பிறகு ஒரு பக்கம் பள்ளத்தில் கொத்மலை நீர்த்தேக்கம் விரிந்து தெரியும். படம் எடுக்க வளைவில் நிறுத்தாமல், தேத்தண்ணிக் கடைகளின் முன்னால் இடம் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். பின்னால் வருகிற லொறிக்கு வளைவுக்கு அப்பால் நிற்கும் உங்கள் வான் தெரியாது.

இறம்பொடை நீர்வீழ்ச்சி 109 மீற்றர். பிரதான வீதியிலிருந்தே தெரியும் என்பதால் பலர் வானுக்குள் இருந்தபடி பார்த்துவிட்டுப் போகிறார்கள். இறங்கி நில்லுங்கள். முதியவர்கள் பாலத்தடியில் நின்றே பார்க்கலாம், நடக்கக்கூடியவர்கள் ஓரப் பாதையால் கொஞ்சம் ஏறலாம். இங்கேதான் பிள்ளைகளுக்கு ஈரப்பாறையில் எப்படி நடப்பது என்று காட்டிக்கொடுக்க வேண்டும்: கறுத்து மினுங்கும் பாறையில் கால் வைக்கக் கூடாது, அதில் பாசி இருக்கும், சொரசொரப்பான, வெளிறிய பாறையில் முழுப் பாதத்தையும் வைக்க வேண்டும். நாளைக்குத் தியலுமவில் கற்றுக்கொடுப்பது காலம் பிந்தியது.

இறம்பொடையில் 1999 இல் சின்மயா மிஷன் கட்டிய ஆஞ்சநேயர் கோயில் இருக்கிறது. நுவரெலியா தாண்டி ஹக்கலைக்குப் போகும் வழியில் சீதா எலிய சீதையம்மன் கோயில். எங்கள் பெரியவர்களுக்கு இந்த இரண்டும்தான் பயணத்தின் நடுப்புள்ளி. அவசரப்படுத்தாமல் இருக்க, நுவரெலியா நகரத்தில் செலவழிக்கும் நேரத்தை மதியச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாவியில் படகும் குதிரைச் சவாரியும் ஒரு பின்னேரத்தையே விழுங்கும்.

இரண்டு மணிக்கு நுவரெலியாவை விட்டால் வெலிமடை, பண்டாரவளை வழியாக வெளிச்சத்தோடு எல்லவுக்குப் போகலாம். ஹக்கலைப் பக்கம் பின்னேரத்தில் புகார் இறங்கும். அப்போது பெரிய லைற் போட்டால் வெளிச்சம் புகாரில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசும். சிறிய லைற்றே போதும்.

7. மூன்றாம் நாளுக்கு முன், இறக்கத்தைப் பற்றி

எல்ல 1,041 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வெல்லவாயவுக்கு 30 கிலோமீற்றருக்கும் குறைவு. அதற்குள் ஏறக்குறைய 800 மீற்றர் இறங்க வேண்டும். முதல் நாள் இரவே சாரதியோடு உட்கார்ந்து பேசுங்கள், குற்றம் பிடிப்பதுபோல் இல்லாமல். 'அண்ணை, ஆறுதலாப் போவம், எங்களுக்கு ஒரு அவசரமும் இல்லை' என்ற ஒரு வார்த்தை அவருடைய காலை அக்சிலேற்றரிலிருந்து எடுக்கும்.

எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும். அப்போது வேகத்தை எஞ்சின் பிடித்துக்கொள்ளும். மேல்கியரில் விட்டு, பிறேக்கில் கால் வைத்தபடியே இறங்கினால், பட்டைகள் சூடேறிப் பிடிக்கும் வலுவை இழக்கும். ஒற்றோ கியர் வானில் எல் அல்லது 2, ஹைபிரிட்டில் பி. நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிப்பது தற்கொலைக்குச் சமம்.

எரிந்த மணம் வந்தால் அது பிறேக்கின் மணம். அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது, இரும்பு வெடிக்கும். ஒடுங்கிய இடத்தில் ஏறிவருகிற வாகனத்துக்கு வழிவிட வேண்டும். அது நின்றுவிட்டால் மீண்டும் கிளம்புவது கடினம். கண் மறையும் வளைவு ஒவ்வொன்றிலும் ஹோர்ன் அடியுங்கள்.

8. மூன்றாம் நாள்: பள்ளத்தாக்கு வீதியும் தியலுமவும்

ஆறு மணிக்கு வெளிக்கிடுங்கள். இந்த நேரம் தவறினால் அன்றைய நாள் முழுக்கப் பிந்தும்.

எல்ல பள்ளத்தாக்கு அந்த வேளையில் மிக வடிவு. இரண்டு பக்கமும் மலை செங்குத்தாக எழ, நடுவில் தென் சமவெளி வரை திறந்து கிடக்கும். ஒன்பது மணிக்குப் பிறகு வெயில் வெளுத்து, தூரம் மங்கிவிடும்.

இராவணா எல்ல நீர்வீழ்ச்சி எல்ல ஊரிலிருந்து சுமார் ஆறு கிலோமீற்றரில், வீதியோரமாகவே விழுகிறது. உயரம் 25 மீற்றர்தான், ஆனால் படிப்படியான அகன்ற பாறையில் விரிந்து விழுவதால் கண்ணுக்குப் பெரிதாக இருக்கும். காலை ஆறரைக்கு ஆட்கள் இல்லாமல் பார்க்கலாம். பத்து மணிக்கு வாகனங்களும் சோளக் கடைகளும் வீதியை அடைத்திருக்கும். இங்கே குளிக்காதீர்கள். பலர் உயிரிழந்த இடம் இது, எச்சரிக்கைப் பலகையும் இருக்கிறது. குரங்குகள் சாப்பாட்டுப் பையைப் பறிக்கும். வானின் கண்ணாடியை மூடிவிட்டு இறங்குங்கள்.

வெல்லவாயவில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள், மேலே கடையை நம்பவேண்டாம். பெண்களுக்கு முக்கியமான விடயம்: கழிப்பறையும் இங்கேதான். அங்கிருந்து ஏ4 வீதியில் சுமார் 13 கிலோமீற்றரில் தியலுமவின் அடிவாரம். 220 மீற்றர், நாட்டில் இரண்டாவது உயரம். முழு உயரத்தையும் வீதியில் நின்று அண்ணாந்து பாருங்கள். மேலே போன பிறகு இந்தத் தோற்றம் கிடைக்காது.

மேலுள்ள தடாகங்களுக்கு அடிவாரத்திலிருந்து நேரே ஏறலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்த ஏற்றம் கடும் செங்குத்து, குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஏற்றதல்ல. வானைக் கொஸ்லந்தையில் விட்டு, பூணாகலை வீதிப் பக்கமாக ஓட்டோவில் ஏறி, மேலிருந்து நடந்து இறங்குங்கள். புல்வெளியும் தோட்டப் பாதையுமாக அரை மணி முதல் முக்கால் மணி நேர நடை. போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம் என்பதை மறக்கவேண்டாம். திரும்பும் நேரத்தில் வெயில் உச்சிக்கு வந்திருக்கும், நிழல் இல்லை. ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர் வேண்டும்.

வழிகாட்ட ஒரு உள்ளூர்ப் பெடியனைக் கூப்பிடுங்கள். புல் உயரமாக வளர்ந்திருக்கும் காலத்தில் கிளைப்பாதைகள் தெரியாது. இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் தமிழ் பேசுகிறவர்கள் கனக்க இருக்கிறார்கள். எங்கள் யாழ்ப்பாணப் பேச்சின் வேகம் அவர்களுக்குப் புதிது, ஆறுதலாகக் கேளுங்கள். அவர்கள் லயன் வீட்டு முற்றத்தால் நடக்கும்போது சொல்லிவிட்டு நடவுங்கள். ஆட்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், கொழுந்து எடுக்கிறவர்கள் வேலையில் இருக்கிறார்கள்.

மேலே தண்ணீர் சிறு சிறு வீழ்ச்சிகளாக இறங்கித் தடாகங்களில் தங்கி, கடைசியில் 220 மீற்றர் விளிம்பைத் தாண்டுகிறது. அந்த விளிம்புத் தடாகத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோகாதீர்கள். விளிம்பில் உட்கார்ந்து படம் எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அங்கே பாறை தண்ணீரால் தேய்ந்து வழுவழுப்பானது, பிடிக்க ஒன்றும் இல்லை. மேல் தடாகங்களே போதும்.

பதினொன்றரைக்குத் திரும்பி நடக்கத் தொடங்குங்கள். கொஸ்லந்தையிலிருந்து வந்த வழியே போகாமல் பெரகலை, அப்புத்தளை வழியாகப் பண்டாரவளைக்கு ஏறினால் பிறேக்குக்கு வேலை குறைவு, புதுக் காட்சியும் கிடைக்கும். பெரகலை, அப்புத்தளைப் பக்கம் பின்னேரம் புகார் அடர்த்தியாக இறங்கும், அதனால் மூன்று மணிக்குள் அதைத் தாண்டுவது நல்லது. இரவுக்குப் பதுளை.

9. தண்ணீருக்குள் இறங்குவதற்கு முன்

இந்தப் பகுதியை வானுக்குள் எல்லோருக்கும் உரத்து வாசித்துக் காட்டுங்கள்.

எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கியாறு மழைக்கு ஓடும், பிறகு காயும். எங்கள் பிள்ளைகள் கீரிமலைக் கேணியிலும் கசூரினாக் கடலிலும் நீந்தப் பழகியவர்கள். கேணித் தண்ணீர் அசையாது. கசூரினா நெடுந்தூரம் ஆழமில்லாதது. அந்தத் துணிவோடு நீர்வீழ்ச்சித் தடாகத்தில் குதிக்கிறார்கள். நீந்தத் தெரிந்தவர்களும் மூழ்குவதற்குக் காரணங்கள் உண்டு.

விழும் தண்ணீர் அடியில் சுழன்று, ஆளைக் கீழே இழுத்து வைத்திருக்கும். நுரைத்த வெள்ளைத் தண்ணீரில் பாதி காற்று. அது உடலைத் தாங்காது, கையால் தள்ளினாலும் முன்னேற முடியாது. மலைத்தண்ணீர் கடுங்குளிர், சட்டென்று குதித்தால் மூச்சு ஒருகணம் இழுத்துக்கொள்ளும், அந்த மூச்சில் தண்ணீர் உள்ளே போகும். அடியில் பாறை எங்கே நிற்கிறது என்று மேலிருந்து தெரியாது.

ஆகவே நடந்து இறங்கக்கூடிய, அடி தெரிகிற, வீழ்ச்சியிலிருந்து தள்ளிய இடத்தில், இடுப்பளவு தண்ணீர் வரை மட்டும். கரையில் ஒரு பெரியவர் காய்ந்த உடுப்போடு நின்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். குடித்தவர் ஒருவரும் தண்ணீருக்குள் இல்லை. இதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம், அவர் யாராக இருந்தாலும்.

உங்கள் தலைக்கு மேல் வெயில் எறித்தாலும் மேல்மலையில் மழை பெய்திருக்கலாம். தெளிந்த தண்ணீர் கலங்கிப் பழுப்பாவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் கனப்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலே உடனே ஏறுங்கள். சப்பாத்தையும் பையையும் எடுக்கத் திரும்பாதீர்கள். ஆற்றின் நடுப்பாறையில் இருந்தால் முதலில் கரைக்கு வாருங்கள், பிறகு உயரத்துக்கு.

ஒருவர் இழுபட்டால் பின்னால் குதிக்கவேண்டாம். நீளமான துவாய், தடி, சேலை, காற்றடைத்த போத்தல் எதையாவது எறியுங்கள். அந்த ஊர் ஆட்களைக் கத்திக் கூப்பிடுங்கள், அவர்களுக்குச் சுழி தெரியும்.

10. நான்காம் நாள்: துன்ஹிந்தவும் வீடும்

துன்ஹிந்த 64 மீற்றர். பதுளை நகரத்திலிருந்து சில கிலோமீற்றர்தான். நுழைவுச்சீட்டு எடுத்து, பதுளு ஓயாவின் ஆழ்பள்ளத்தை ஒட்டிய பாதையில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர் நடக்க வேண்டும். கற்படிகள் ஏறி இறங்கிப் போகும். முழங்கால் நோ உள்ளவர்கள் ஒரு தடியோடு வாருங்கள், அல்லது வழியிலுள்ள கடைகளில் உட்கார்ந்து சின்ன நீர்வீழ்ச்சியைப் பார்த்தபடி காத்திருக்கலாம். பார்வை மேடையில் தூவானம் மழைபோல் அடிக்கும், தொலைபேசியை உறைக்குள் போட்ட பிறகே போங்கள்.

வாசல் திறக்கும் நேரத்தை முதல் நாள் இரவே தங்குமிடத்தில் கேட்டு, முதல் ஆட்களாக நுழையுங்கள். பத்து மணிக்குப் பதுளையை விட்டுவிட வேண்டும்.

காரணம் யானை. மஹியங்கனையிலிருந்து பொலன்னறுவைக்கும், அங்கிருந்து மின்னேரியா, ஹபரணைக்கும் போகிற வீதியில் பொழுதுபட யானைகள் கடக்கும். ஐந்து மணிக்குள் ஹபரணையைத் தாண்டுங்கள். முடியாது என்று தெரிந்தால் பொலன்னறுவையிலேயே ஒரு இரவு தங்கிவிடுங்கள். மரதன்கடவலவில் ஏ9 ஐப் பிடித்தால் பிறகு மதவாச்சி, வவுனியா, கிளிநொச்சி என்று பழகிய வீதிதான். ஆனால் வீடு வந்து சேரும்போது சாரதி அன்றைக்கு நானூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடியிருப்பார். வவுனியாவில் அரை மணி நிறுத்தி அவரைத் தேத்தண்ணி குடிக்க விடுங்கள், முன் இருக்கையில் நித்திரை கொள்ளாத ஒருவர் இருந்து பேச்சுக் கொடுங்கள்.

11. ஓகஸ்டில்தான் லீவு என்றால்

ஊவாவை விட்டு மேற்குச் சரிவுக்கு மட்டும் மூன்று நாள் போங்கள். முதல் நாள் கண்டி, இரண்டாம் நாள் இறம்பொடை ஏறி நுவரெலியா, மூன்றாம் நாள் காலை ஏ7 வீதியால் தலவாக்கலைப் பக்கம் போய் டெவோன், சென் கிளேயர் நீர்வீழ்ச்சிகள். டெவோன் 97 மீற்றர், சென் கிளேயர் 80 மீற்றர். இரண்டையும் வீதியோரப் பார்வையிடங்களில் நின்றே பார்க்கலாம், முதியவர்களுக்கு வசதி. மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்தபிறகு சென் கிளேயரில் தண்ணீர் குறைந்துவிட்டது. அணைக்கட்டு மேலே இருப்பதால், மழைநாளில் கதவு திறந்தால் ஆறு சட்டென்று உயரும். கீழே ஆற்றங்கரைக்கு இறங்கவேண்டாம், சைரன் கேட்டால் ஆற்றுப் பக்கமே போகவேண்டாம்.

நுவரெலியாவிலிருந்து இந்தப் பக்கம் வரும்போது வரைபடச் செயலி நானுஓயா–ரதெல்ல குறுக்கு வீதியைக் காட்டும். சில நிமிடம் மிச்சம் என்று தெரியும். எடுக்காதீர்கள். செங்குத்தான இறக்கம், பாரமான வாகனங்களுக்குத் தடை, விபத்துகள் பல நடந்த வீதி. நானுஓயாவிலிருந்து பிரதான வீதியையே பிடித்து இறங்குங்கள்.